எரியாத கண்

மச்சானை வெட்டுவேன் என்று அவன் வீட்டு வாசலில் அரிவாளோடு நின்றான் மாசானம். ஏட்டு பேச்சியம்மாள் அவன் முகத்தில் மிளகு ஸ்ப்ரேயை முழுக்க அடித்தாள். அவன் கண் சிமிட்டக்கூட இல்லை.

"மிளகா வத்தல் கிட்டங்கில மூட்டை தூக்குறவன் ஏட்டம்மா. எனக்கு எரியுமா?"

காற்று திரும்பியது, எரிந்தது அவளுக்குத்தான். மூக்கும் கண்ணும் ஒழுகின. கூட்டம் இருமிக்கொண்டே பின்வாங்கியது. அவள் மட்டும் மூடிய கண்களோடு, விலங்கை நீட்டியபடி அவனை நோக்கி நடந்தாள்.

"எங்கடா இருக்க?"

ஓங்கிய அரிவாளோடு அவன் அந்த முகத்தையே பார்த்தான்.

"இங்கிட்டு... படி இருக்கு, பாத்து வாங்க."

ஏதோ இரும்பு தரையில் விழுந்தது. திறந்திருந்த விலங்குக்குள் ஒரு மணிக்கட்டு தானாக வந்து நுழைந்தது.