நீலமாகிப்போன தங்கம்

"என் தங்கத்துல மறுபடியும் கைய வச்சுட்டான்க்கா!"

மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டு, போனில் அக்காவிடம் பொரிந்து தள்ளினாள் அவள். பதறிப்போன அக்கா, போலீசுக்குப் போகச் சொன்னாள். போலீசிடம் போய் என்னவென்று சொல்வது? களவு போனது வளையலும் இல்லை, சங்கிலியும் இல்லை.

அவள் வேலை பார்ப்பது நானோ ஆய்வகத்தில். கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், அந்தத் தண்ணீர் மாதுளைச் சாறு போலச் சிவந்து நிற்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நீலமாகிவிடும். அதற்குப் பிறகு அது கொட்டத்தான் லாயக்கு.

அந்தச் சிவப்புத் திரவத்தில் தோய்த்த காகிதப் பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும், சிறுநீரகக் கோளாறை முன்கூட்டியே சொல்லிவிடும். திரவத்தை அவளும் ஒரு வழியில் தயாரித்தாள், பக்கத்து மேசைக்காரன் பூதக்கண்ணாடியும் வேறொரு வழியில் தயாரித்தான். அவனுடைய மூக்குக்கண்ணாடியின் கனத்தைப் பார்த்து அவள் வைத்த பெயர் அது. நாளைக் காலை இரண்டில் ஒன்றைத்தான் இயக்குநர் ஆஸ்பத்திரிச் சோதனைக்கு அனுப்பப்போகிறார். தோற்றவரின் மூன்று வருட உழைப்பு அத்தோடு குப்பைக்குப் போகும்.

இந்த வாரத்தில் மட்டும் மூன்று தடவை அவளுடைய திரவம் ஒரே ராத்திரியில் நீலமாகிவிட்டது. அவனுடையது மட்டும் அலுங்காமல் குலுங்காமல் சிவப்பாகவே இருந்தது. இன்று காலை எல்லார் முன்னாலும் அவனைப் பிடித்துக் கேட்டேவிட்டாள்.

"உங்க குடுவையை ஆசிட் போட்டுக் கழுவுங்க மேடம். துளி உப்பு ஒட்டியிருந்தாலும் நீலமாயிடும்" என்றான் அவன்.

"உப்பைப் போடுறதே நீங்கதானே? உங்களது மட்டும் எத்தனை நாளைக்குச் சிவப்பா இருக்குன்னு நானும் பாக்குறேன்!"

கழுவச் சொல்கிறானாம், கழுவ! குழாய்த் தண்ணீரில் மூன்று குலுக்குக் குலுக்கி ஊற்றுவது போதாதாமா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புலம்பாதடி. கையும் களவுமாப் பிடி" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

சாயங்காலம், புதிதாகத் தயாரித்த இரண்டு திரவங்களும் ஃபிரிட்ஜில் அடுத்தடுத்து நின்றன. ஒரே மாதிரிக் குடுவை, ஒரே சிவப்பு. லேபிளை விட்டால் வேறு அடையாளம் கிடையாது. ஆள் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு லேபிளையும் நகத்தால் சுரண்டி உரித்தாள். அவன் லேபிளைத் தன் குடுவையிலும், தன் லேபிளை அவன் குடுவையிலும் ஒட்டினாள். அவசரத்தில் இரண்டுமே கோணலாகத்தான் ஒட்டின. என்னுடையது என்று நினைத்துத் தன் சரக்கிலேயே உப்பை அள்ளிப் போடட்டும்!

அவள் படியிறங்கும்போது அவன் ஏறி வந்தான்.

"சார்ஜரை மறந்துட்டேன்" என்றான், கேட்காமலே.

போ ராசா, போ என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, இயக்குநர் முன்னிலையில் ஃபிரிட்ஜைத் திறந்தார்கள். அவள் பெயர் போட்ட லேபிள் நேராக, அழகாக ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது மை போல நீலம். அவன் பெயர் போட்ட குடுவையில் சிவப்பு.

அதைப் பார்த்ததும் பூதக்கண்ணாடியின் முகம் பேயறைந்தது போல வெளுத்துவிட்டது. மாட்டினாயா மகனே என்று அவளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"இன்னிக்கும் உங்களதுதானாம்மா?" என்று சலித்துக்கொண்டார் இயக்குநர்.

"இல்ல சார். நேத்து சாயங்காலம் ரெண்டு லேபிளையும் மாத்தி ஒட்டினது நான்தான். இந்த நீலம் இவரோட சரக்கு. என்னோடதுன்னு நெனச்சு, தன்னோடதுலயே உப்பைப் போட்டுக்கிட்டார். சிவப்பா இருக்கே, அதுதான் என்னோடது. அதையே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நீலம் யாரோடதோ, அவங்க இப்பவே சாவியைக் குடுத்துட்டு வெளிய போகட்டும்!"

"நியாயம்தான்" என்றார் இயக்குநர். "அப்படியே செஞ்சுடலாம்." அவன் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சார் சொல்றீங்க?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான். வெளுத்த முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது.

"அப்பாடா! அப்போ சிவப்பு என்னோடதுதானா?"

"என்ன உளர்றீங்க?" என்று சீறினாள் அவள்.

"நேத்து நீங்க போட்ட சத்தத்துல, என்னோடதைக் கெடுத்துடுவீங்களோன்னு எனக்கும் பயம் வந்துடுச்சு மேடம்" என்றான் அவன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"அதான், நீங்க படியிறங்கினதும் நானும் போய் ரெண்டு லேபிளையும் மாத்தி ஒட்டினேன்."