அட்டையைப் பிரிக்காதே

இரண்டாவது கண்ணாடியும் படீரென்று உடைந்தது. ஃப்ரேம் கடைக்காரருக்கு வந்த ஆத்திரத்தில், கையிலிருந்த சுத்தியலை மேஜை மேல் விட்டெறிந்தார்.

"எல்லாம் உன் மூஞ்சில முழிச்ச நேரம்!" என்று மனைவி மேல் பாய்ந்தார். பழி போட அந்தக் கடையில் வேறு ஆள் ஏது?

அவள் சில்லுகளைப் பொறுக்கினாள். வாசல் ஓரத்தில் அவளுடைய பெட்டி கட்டித் தயாராக இருந்தது. சாயங்காலம் ஓவியக் கண்காட்சி தொடங்கியதும் அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும், திரும்பி வரவே கூடாது. அது கடைக்காரர் போட்ட உத்தரவு.

போருக்குப் போய்ப் பிடிபட்டு, எதிரி முகாமில் கம்பி வேலிக்குள் இரண்டு வருஷம் கிடந்தவர் அவர். அந்த இரண்டு வருஷத்தில் வீட்டிலிருந்து ஒரு கடிதம்கூட அவர் கைக்கு வரவில்லை. விடுதலையாகி வந்து வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான், அம்மா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பதே தெரிந்தது. பிறகு ஏன் எரியாது வயிறு?

"வாராவாரம் எழுதினேங்க," என்றாள் அவள். "தாளோட ஒரு பக்கத்துலதான் எழுதணும்னு முகாம்காரங்க சட்டம். இடம் பத்தாம நுணுக்கி நுணுக்கி எழுதினேன்."

"யாருக்கு எழுதின, காத்துக்கா? கோழி கிறுக்கின மாதிரி ஒரே ஒரு வரி வந்திருந்தா போதும்டி! பெத்தவ போனதைக்கூடச் சொல்லத் தோணல உனக்கு!"

"விடுடா, மறுபடியும் ஆரம்பிக்காத," என்றான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கரித்துண்டு. முகாமில் அடுப்புக்கரியை வைத்துப் படம் வரைந்தே அந்தப் பெயர் வாங்கியவன். அங்கே அடுத்த படுக்கைக்காரன், இங்கே கூடப் பிறந்தவனுக்கும் மேல். இன்றைய கண்காட்சியே அவன் சிறையிருந்து வரைந்த படங்களுக்குத்தான். மந்திரி வந்து திறந்து வைக்கிறார், பத்திரிகைக்காரர்கள் படையெடுத்து வருகிறார்கள்.

"நீயே சொல்லுடா இவகிட்ட. அங்க தபால் மூட்டையைப் பிரிச்சவன் நீதானே?"

கரித்துண்டு கையை விரித்தான். "நான் என்ன தங்கச்சி சொல்றது? ஒவ்வொரு வாரமும் வந்து நிப்பான். இவன் மூஞ்சியப் பாத்து இல்லைன்னு சொல்றதுக்குள்ள எனக்கே உயிர் போயிடும்."

"கேட்டியா? கேட்டியாடி?" கடைக்காரரின் குரல் தெருவைத் தொட்டது.

கரித்துண்டு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "மத்த படத்தையெல்லாம் மண்டபத்துல மாட்டிட்டு வந்துடறேன். இந்த ஒண்ணு மட்டும் பின்னாடி ஒட்டியிருக்கிற பழைய அட்டையோட அப்படியே ஃப்ரேம் போட்டு வை. அட்டையைப் பிரிச்சிடாத, கரி உதிர்ந்துடும்."

பாக்கி இருந்த அந்த ஒரு படத்தில், ஒரு கைதி முழங்காலைக் கட்டிக்கொண்டு வேலி ஓரமாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாருமில்லை, கடைக்காரரேதான். தபால் வண்டிக்குக் காத்திருந்தபோது வரைந்தது. அதை மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நல்லாப் பாத்துக்கோ! நாய் மாதிரி இப்படித்தான் காத்துக் கெடந்தேன்."

அவள் பார்த்தாள். இத்தனை நாள் அழுதவளுக்கு இன்று அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "எழுதினேன். வெட்டிப் போட்டாலும் இதைத்தான் சொல்வேன். எழுதினேன்!"

"வாய மூடு!"

மூன்றாவது கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்து மெல்ல அழுத்தினார். அதுவும் கிர்ரென்றது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். குற்றம் கண்ணாடியில் இல்லை. அட்டை ஈரம் குடித்து நடுவில் உப்பியிருந்தது, அதன் மேல் எதை வைத்தாலும் உடையத்தான் உடையும்.

"பிரிக்காதேன்னா எப்படி? ஃப்ரேம்காரனுக்கே பாடம் எடுக்கிறான்," என்று முனகிக்கொண்டே மெல்லிய கத்தி ஒன்றைத் தேடி எடுத்து, காகிதத்துக்கும் அட்டைக்கும் நடுவே செருகினார். பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. ஒரு பொட்டுக் கரி உதிராமல் காகிதம் முழுசாகக் கையோடு வந்தது. பின்பக்கம் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டலாம் என்று புரட்டினார்.

புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். கத்தி கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அதற்குள் கரித்துண்டு மூச்சு வாங்க உள்ளே ஓடி வந்தான். "என்னடா, ரெடியா? மந்திரி கார் வந்தாச்சு! சீக்கிரம் குடு!"

கடைக்காரர் காகிதத்தின் பின்பக்கத்தை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினார். கரித்துண்டின் முகத்தில் ஈயாடவில்லை.

"அது... அப்போ பேப்பருக்குப் பஞ்சம்டா... வரையாம இருந்தா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்..."

"படி."

"டேய், அங்க எல்லாரும் காத்துக்கிட்டு..."

"படிடா, பாவி! தபால் பிரிச்சவன் நீதானே? என் பொண்டாட்டி காதுல விழற மாதிரி சத்தமாப் படி!"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கப் போனவள் திரும்பிப் பார்த்தாள். கரித்துண்டு காகிதத்தைக் கையில் வாங்கினான். பிறகு, வேறு வழியில்லாமல் படித்தான்.

"ஏங்க, மனசைத் தேத்திக்கிட்டுப் படிங்க. அத்தை நேத்துக் காலையில போயிட்டாங்க."