கைக்குட்டை போட்ட இடம்

அந்தக்கால வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குக் காட்டும் கோடை முகாமின் பழங்காலப் பேருந்தில் ஞானசிகாமணிக்கு நடத்துநர் வேடம். காலையிலிருந்து பிள்ளைகள் ஜன்னல் வழியே கைக்குட்டை வீசி இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நின்று நின்று அவருக்குக் கால் கடுத்தது.

"யாராச்சும் அதை எடுத்துப் போட்டுட்டு உக்காந்துட்டா?" என்று கேட்டாள் எட்டு வயது இதழி.

"உக்கார மாட்டாங்க. துணி கெடந்தா ஆள் வருதுன்னு அர்த்தம்."

"கேமரா பாத்துக்குமா?"

"கேமராவே கெடையாதும்மா."

அவள் நம்பவில்லை.

மாலை, வீட்டுக்குப் போகும் ஓட்டுநரில்லா வண்டியில் இரண்டே இடங்கள் மிச்சமிருந்தன. ஒன்றில் உட்கார்ந்த ஞானசிகாமணி, பழக்கதோஷத்தில் மற்றதில் கைக்குட்டையை விரித்தார். அடுத்த நிறுத்தம் மருத்துவமனை. டயாலிசிஸ் முடித்து மனைவி அங்கே ஏறுவாள்.

அந்த இருக்கைக்கு மேலே 'காலி' என்ற பச்சை விளக்கு அணையவேயில்லை. வண்டி கிளம்பும் முன் அப்பாவோடு ஏறிய இதழி அவரைப் பார்த்துச் சிரித்தாள். கைக்குட்டையை எடுத்து, நான்காக மடித்து, அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்தாள். விளக்கு சிவப்பானது.

"அங்க ஆள் வருதும்மா."

"கேம்ப் முடிஞ்சிருச்சு அங்கிள்," என்றாள் அன்பாகவே.

மருத்துவமனை வந்தது. ஞானசிகாமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.