விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

கடைவீதிக் கட்டடத்தில் அன்று காலை இருந்தவர்கள்: இன்ஜினியர், முதலாளி, தையல்கடை அக்கா, காவலாளியான நான். விரிசலின் குறுக்கே இன்ஜினியர் ஒட்டிய கண்ணாடித் துண்டு உடைந்திருந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். அக்கா கடையைக் காலி செய்ய வேண்டும். கண்ணாடி உடையவில்லை. அதன் அடியில் விரிசலையே காணோம்.

“நீங்க பூசினீங்களா சார்?” என்று முதலாளியைக் கேட்டார் இன்ஜினியர்.

“இவரா? ஆணி அடிக்கச் சொன்னாலே அடுத்த வருஷம்பாரு,” என்றாள் அக்கா.

முதலாளி மாடிக் கதவின் பூட்டைத் திறந்தார். கையில் ஈரச் சுண்ணாம்போடு ஒரு கொத்தனார் இறங்கி வந்தார். வாசலில் மாட்டிய, இந்தக் கட்டடத்தின் திறப்புவிழாப் படத்தில் நிற்பவர். அதே உடைந்த முன்பல். படம் எடுத்தபோது எங்களில் யாரும் பிறக்கவில்லை.

“பின்சுவர் பாக்கி இருக்கு. தண்ணி குடும்மா.”

அக்கா குடத்தைக் கொடுத்தாள். அவர் மேலே ஏறினார். அக்கா கட்டிவைத்த துணிமூட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள். முதலாளி மாடிக் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார்.