இரண்டாவது லைன்

"ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்னுதானேப்பா ரெண்டு நெட் லைன் போட்டது? நெட்ல பேசுற பேச்சு மட்டும் ஏன் பாதியில அறுந்துபோகுது?"

வீட்டு முன்னறைக் கிளினிக்கில் பல் டாக்டர் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்த நோயாளி கொட்டாவிக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

கேபிள்காரர் சுவரிலிருந்த நெட் பெட்டியின் முன் முக்காலியை இழுத்துப் போட்டார்.

"நெட் போகலை டாக்டர். விலாசம்தான் மாறுது."

"நான் இதே வீட்லதானே இருக்கேன்?"

"நீங்க இருக்கீங்க. ஆனா வெளியே போற பேச்சுல இந்தப் பெட்டி தன்னோட விலாசத்தைத்தான் ஒட்டி அனுப்பும். ரெண்டு லைனுக்கும் வேற வேற விலாசம். லைன் மாறினா, எதிர்ப்பக்கத்துக்கு நீங்க யாரோ எவரோ. பழைய பேச்சு அறுந்துடும்."

"அப்ப பெட்டியில எரியற விளக்கு?"

"அது பாட்டுக்குப் பச்சையா எரியும். நெட்தான் இருக்கே."

டாக்டர் கையிலிருந்த பல் பிடுங்கும் குறடைக் கீழே வைத்தார்.

"அம்மா போனப்ப என் தம்பிக்குச் சொல்லாம விட்டவன் நான். மூணு வருஷம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு, மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அவனை நெட்ல கூப்பிட்டேன். 'தப்பு என்மேலதான்டா, மன்னிச்சுடு'ன்னேன். பட்டுனு கட். கொஞ்ச நேரம் கழிச்சு இறங்கிவந்து பாத்தா பெட்டியில பச்சை விளக்கு. மூஞ்சியில அடிச்ச மாதிரி போனை வெச்சுட்டான்னு நெனச்சேன்."

"திரும்பக் கூப்பிடலையா?"

"அண்ணன்காரன் எத்தனை தடவைப்பா கெஞ்சுவான்? அவனும் வீம்புல எனக்குத் தம்பிதானே, நான் வெச்சுட்டேன்னு நெனச்சிருப்பான். போன மாசம் போய்ச் சேர்ந்துட்டான்."

கேபிள்காரரின் ஸ்க்ரூடிரைவர் தரையில் உருண்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"அப்ப... அவன் வைக்கலை, இல்ல?"

"வைக்கலை டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"பாழாப்போன லைனுக்கு நேரம் காலம் தெரியலை பாரு. நான் ஒரு பல்லைப் பிடுங்கினாக்கூடச் சொல்லிட்டுத்தான் பிடுங்குவேன்."

சொல்லிவிட்டு நோயாளியைக் கூப்பிடப் போனார்.

கேபிள்காரர் பெட்டியின் மூடியை மெதுவாகத் திறந்தார். இரண்டாவது லைன் கொடுத்த அன்று அவரே எழுதி உள்பக்கம் ஒட்டிய சீட்டு, மூன்று வருஷத்தில் பழுப்பேறியிருந்தது:

'ஞாயிறு, மாலை 4.05. முதல் லைனைப் பிடுங்கிச் சோதித்தேன். இரண்டாவது உடனே எடுத்துக்கொண்டது. வீட்டில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.'