தாய்வழிச் சீக்கு

பல் பிடுங்கி இரண்டு நாளாகியும் மகள் இல்வாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஓலாந்துத் தீவு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹெல்மர் மனைவியை வார்த்தையால் குதறிக்கொண்டிருந்தான்.

"ரத்தச் சீக்குன்னாலே தாய்வழிதான், குன்னெல். உங்க தீவுக்காரங்க உடம்புல ஓடுறது ரத்தமா, கடல்தண்ணியா? வெளியூர்லேருந்து வந்த என்னைப் பாரு. முப்பது வருஷமா மீன் கொட்டகை வச்சிருக்கேன். கையில ஒரு கீறல் உண்டா?"

மீன் அறுத்துத் தழும்பேறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குன்னெல் மகள் இருந்த அறைக் கதவையே பார்த்திருந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார்.

"மருந்து ஏத்தினதும் ரத்தம் நின்னுடுச்சு. பொண்ணு பிழைச்சுட்டா. உங்க ரெண்டு பேர் ரத்தச் சோதனையும் வந்திருக்கு. ரத்தம் உறையறதுக்கான சத்து அம்மாவுக்குச் சரியா இருக்கு. குறைச்சல் உங்களுக்குத்தான், ஹெல்மர். உங்ககிட்டேருந்துதான் பொண்ணுக்கு வந்திருக்கு."

"எனக்கா? நான் ரத்தம் சிந்தினதே இல்லையே!"

"வெட்டுப்பட்டாத்தானே தெரியும். இனிமே கத்தியைத் தொடாதீங்க."

ஹெல்மரின் முகம் வெளுத்தாலும் குரல் இறங்கவில்லை.

"கேட்டியாடி? இனி நான் கத்தியைத் தொடக் கூடாதாம்!"

"முப்பது வருஷமா நீ அந்தப் பத்தியத்துலதானே இருக்கே!" என்று சொல்லிவிட்டு, குன்னெல் மகளைப் பார்க்க எழுந்து போனாள்.