டெஸ்டிங்கா, கிளவுடா?

சேலம் ஐ.டி. கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. புது மேலாளர் நவநீதகிருஷ்ணன் கூப்பிட்டதும், டெஸ்டிங் பிரிவு பெனடிக்ட் பயந்துகொண்டேதான் போனான்.

“பொண்ணு ஐ.டி. முடிக்கப் போறாளுங்க பெனடிக்ட். டெஸ்டிங் பக்கம் விடலாமா, கிளவுடா?”

இதற்குத்தானா என்று அவனுக்கு உயிர் வந்தது.

“கிளவுடுங்க சார். டெஸ்டிங் வேண்டவே வேண்டாம். பத்து வருசமா அதுலதான் குப்பை கொட்டுறேன். நாங்க எட்டுப் பேர் ஒரு வாரம் பண்றதை இப்ப மெஷினே ஒரு மணி நேரத்துல பண்ணிருது.”

“எட்டுப் பேர் தேவையில்லைங்கறீங்க?”

“ரெண்டு பேர் போதுமுங்க.”

வெளியே வந்தவன் பக்கத்து இருக்கை ஜோஸ்லினிடம் கேட்டான்: “சார் பொண்ணு எந்தக் காலேஜுங்க?”

“காலேஜா? அவருக்குக் கல்யாணமே லேட்டுங்க. பாப்பாவை இப்பத்தான் எல்.கே.ஜி. சேர்த்திருக்காரு.”